அன்னம் சுமந்த அன்னம்

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குச் செல்லும் பெருவழியில் ரெட்டியார்சத்திரம் என்னும் ஊர் உள்ளது. அவ்வழியே மேற்கு நோக்கி மேலும் சென்றால் ஒட்டன்சத்திரம் வரும். இவ்விரண்டு ஊர்ப்பெயர்களும் 'சத்திரம்' என்னும் சொல்லால் முடிவது ஊன்றி நோக்கத்தக்கது. வழிச்செல்வோர் தங்கி இளைப்பாறுவதற்காக அறச்சிந்தை உடையோர் அமைத்த மனையே சத்திரம் ஆகும். பேருந்தும் புகைவண்டியும் வாராத காலத்தில் நெடுவழி நடப்போர்க்குச் சத்திரமே தாய்வீடு. காவடி சுமந்து செல்லும் அடியாரும், பொதிமாட்டின் மேலும் கட்டைவண்டியிலும் சரக்கேற்றிச் செல்லும் வணிகரும் பொழுது சாய்ந்தால் சத்திரத்தை நாடுவர். அங்கே நிழல் உண்டு, நீர் உண்டு, பசித்தவர்க்குச் சோறும் உண்டு.

ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும். சத்திரத்தில் சோறு தானே விளைவதில்லை. நெல்லும் பருப்பும் உப்பும் விறகும் பிற இடங்களிலிருந்து வந்து சேர்தல் வேண்டும். அவற்றைக் கொண்டுவருவோன் ஒரு நாள் வாரானாயின் அடுப்பு எரியாது, பந்தி விரியாது. சத்திரம் அமைத்தோர் பெயரை ஊரார் நெடுங்காலம் நினைவில் வைப்பர். அதற்கு மூட்டை சுமந்தவன் பெயரை நினைவில் வைப்பவர் அரியர். உழவர் விளைக்கின்றனர், தொழிலாளர் ஆக்குகின்றனர், வணிகர் விற்கின்றனர், மக்கள் நுகர்கின்றனர். இவர் எல்லோரையும் ஒன்றாக இணைப்பவர் சுமப்பவரே அன்றோ?

இன்றும் இவ்வட்டாரத்தின் வாழ்வு சுமப்பவரை நம்பியே நடைபெறுகின்றது. ரெட்டியார்சத்திரத்தில் இந்திய - இஸ்ரேல் கூட்டு முயற்சியால் அமைந்த காய்கறி மகத்துவ மையம் ஒன்று உள்ளது. அங்கே குழித்தட்டுகளில் தென்னைநார்த் தூளை இட்டு, அதில் விதை ஊன்றி, நிழல்வலையின்கீழ் நாற்றுகளை வளர்க்கின்றனர். நாற்றுகள் வயலுக்குச் செல்கின்றன. வயலில் விளைந்த காய்கள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்கின்றன. சந்தையிலிருந்து லாரிகள் அவற்றை ஏற்றிக்கொண்டு கேரள நாட்டிற்கும் பிற ஊர்களுக்கும் விரைகின்றன. ஓரிரவு லாரிகள் ஓடாதொழியின், இங்கே விளைந்த காய் வாடும். அங்கே வாங்குவோர் கூடை வெறுமையாகும்.

நிலத்தில் வண்டி சுமக்கின்றது; நீரில் கப்பல் சுமக்கின்றது; காற்றில் விமானம் சுமக்கின்றது. இம்மூன்றினுக்கும் அப்பால், காற்றும் இல்லாத விண்வெளியில் சரக்குச் சுமக்கும் கலம் உண்டா? உண்டு என்று கற்பனைக் கதைகள் பலகாலமாகக் கூறி வருகின்றன. அறிவியற் புனைகதைகளிலும், மாணவர் பலர் கூடிப் பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளிலும், ஓர் ஊரையே விழுங்கிவிடத்தக்க பெருங்கலங்கள் வருகின்றன. அவை ஒரு விண்மீனின் துறையில் தாதுப்பொருளை ஏற்றி, மற்றொரு விண்மீனின் துறையில் இறக்கி, ஊதியம் பெற்று மீளும். கதை கேட்பதற்கு இனியதே. ஆனால், உண்மை வேறு.

ஞாயிற்றை விடுத்தால் நமக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் 4.24 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கின்றது. 1977ஆம் ஆண்டு ஏவப்பெற்ற வாயேஜர் 1 என்னும் விண்கலம் நொடிக்கு ஏறத்தாழ 17 கிலோமீட்டர் விரைவில் செல்கின்றது. அவ்விரைவில் அந்த விண்மீன் அளவு தொலைவைக் கடக்க எழுபதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அத்துணைக் காலம் கெடாதிருக்கும் சரக்கும் இல்லை. காத்திருந்து விலை கொடுப்பாரும் இல்லை. ஆதலின் விண்மீனுக்கு விண்மீன் வாணிகம் செய்யும் கலம் இன்றுவரை கற்பனையே. ஆனால், மண்ணிலிருந்து விண்ணுக்குச் சரக்குச் சுமக்கும் கலம் கற்பனை அன்று. அது கூலி பெற்றுக்கொண்டு நாள் குறித்துப் புறப்படுகின்றது. அத்தகைய கலங்களுள் ஒன்று நம் நாட்டில் பிறந்த ஒரு பெண்மணியின் பெயரைத் தாங்கிச் சென்றது. அக்கலத்தின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

விண்ணிலும் ஒரு சத்திரம் உண்டு. அதனைப் பன்னாட்டு விண்வெளி நிலையம் என்பர். அமெரிக்கா, உருசியா, ஐரோப்பிய நாடுகள், சப்பான், கனடா ஆகியவை கூடி அதனை அமைத்தன. அதன் முதற்பகுதி 1998ஆம் ஆண்டு ஏவப்பெற்றது. 2000ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் அங்கே மனிதர் இடையறாது தங்கி வருகின்றனர். ஒரு குழுவினர் வருவர். சில திங்கள் தங்கி ஆய்வு செய்வர். அடுத்த குழுவினரிடம் நிலையத்தை ஒப்படைத்துப் புவிக்கு மீள்வர். 2025ஆம் ஆண்டு சூன் திங்களில் சுபான்சு சுக்லா என்னும் இந்திய வீரர் அங்குச் சென்று தங்கினார். அந்நிலையத்தில் தங்கிய முதல் இந்தியர் அவரே. பயறும் வெந்தயமும் அவ்வெளியில் முளைவிடும் முறையை அவர் ஆராய்ந்தார்.

இந்த விண்வெளிச் சத்திரம் புவியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கின்றது. திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்குச் செல்லும் சாலைத் தொலைவும் ஏறக்குறைய அவ்வளவே. அங்ஙனமாயின் அங்கே செல்வது அரிதாவது ஏன்? தொலைவினால் அன்று; விரைவினால் ஆம். அந்நிலையம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் விரைவில் புவியைச் சுற்றுகின்றது. ஒருமுறை சுற்றிவர அதற்கு ஒன்றரை மணி நேரமே ஆகின்றது. ரெட்டியார்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் வரையுள்ள தொலைவை ஓரிரு நொடிகளில் கடக்கும் விரைவு அது. அதனை அடைய விரும்பும் கலமும் அதே விரைவைப் பெறுதல் வேண்டும். ஓடும் வண்டியில் ஏற விரும்புவோன் தானும் வண்டியோடு ஒத்து ஓடுதல் வேண்டும் அன்றோ?

அங்குத் தங்குவோர்க்கு வேண்டுவன யாவை? உணவு வேண்டும், நீர் வேண்டும், மூச்சுக்காற்று வேண்டும், உடை, மருந்து, ஆய்வுக் கருவி, பழுதுபார்க்கும் உறுப்பு ஆகியன வேண்டும். வியர்வையையும் சிறுநீரையுங்கூடத் தூய்மை செய்து மீண்டும் குடிநீராக்கும் கருவிகள் அங்கே உள்ளன. எனினும் எல்லாவற்றையும் அங்கேயே ஆக்கிக்கொள்ள இயலாது. விண்ணில் வயல் இல்லை, சந்தை இல்லை, கிணறும் இல்லை. ஆதலின் மண்ணிலிருந்து மூட்டை செல்லுதல் வேண்டும்.

விண்வெளிக்கு மூட்டை சுமப்பதற்கென்றே அமைந்த முதற்கலம் 'புரோகிரசு' என்பதாம். சோவியத்து நாட்டினர் 1978ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அதனை ஏவினர். ஆள் இல்லாமலே அது சென்று, அந்நாளில் அவர் அமைத்திருந்த சல்யூத் 6 என்னும் நிலையத்தை அடைந்து, சரக்கையும் எரிபொருளையும் வழங்கியது. பின்னர் ஐரோப்பியரும் சப்பானியரும் தத்தம் சரக்குக் கலங்களை அமைத்தனர். அமெரிக்கரின் விண்ணோடங்கள் மனிதரையும் சரக்கையும் ஒருங்கே சுமந்து சென்றன. 2011ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வோடங்கள் ஓய்வு பெற்றன.

அவை ஓய்வு பெறும் முன்னரே ஒரு புதுமுறை வகுக்கப்பெற்றது. அமெரிக்க அரசின் விண்வெளி நிறுவனமாகிய நாசா, 'கலத்தை நாமே கட்டி நடத்த வேண்டுவதில்லை. தனியார் கட்டி நடத்தட்டும். சுமை கூலியை நாம் கொடுப்போம்' என்று முடிவு செய்தது. சந்தையில் லாரிக்காரரிடம் வாடகை பேசி மூட்டை ஏற்றுவது போன்றதே இது. இம்முறைப்படி 2012ஆம் ஆண்டு மே திங்களில் 'டிராகன்' என்னும் கலமும், 2013ஆம் ஆண்டு செப்டம்பரில் 'சிக்னசு' என்னும் கலமும் முதன்முறையாக நிலையத்தை அடைந்தன. விண்வெளியில் வாணிகச் சரக்குக் கலங்களின் காலம் அவ்வாறு தோன்றியது.

இத்தொழில் எளிதன்று. 2014ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் ஒரு சிக்னசு கலம், ஏவூர்தி எழுந்த சில நொடிகளில் வெடித்ததால் சரக்கோடு எரிந்து போயிற்று. 2015ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஏவப்பெற்ற புரோகிரசு கலம் ஒன்று கட்டுமீறிச் சுழன்று பயனற்றுப் போயிற்று. அவ்வாண்டு சூன் 28ஆம் நாள் டிராகன் கலம் ஒன்று வானிலேயே சிதைந்தது. எட்டே திங்களில் மூவகைக் கலங்களும் ஒவ்வொன்றாகத் தவறின. எனினும் நிலையத்தில் இருந்தோர் பட்டினி கிடக்கவில்லை. முன்னரே சில திங்களுக்கு வேண்டிய உணவு அங்குச் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. சப்பானியர் கலம் உள்ளிட்ட பிற கலங்களும் தொடர்ந்து சென்று உதவின. குதிரில் நெல் உள்ள குடி, ஒரு போகம் பொய்த்தாலும் குலைவதில்லை என்பதற்கு இது விண்ணில் விளங்கிய சான்று.

இனிச் சிக்னசு என்னும் கலத்தின் இயல்பைக் காண்போம். சிக்னசு என்பது வானில் தோன்றும் ஒரு விண்மீன் கூட்டத்தின் பெயர். அது அன்னப்பறவை என்னும் பொருளுடையது. தமிழிலோ அன்னம் என்பது பறவையையும் குறிக்கும், சோற்றையும் குறிக்கும். விண்ணில் இருப்போர்க்கு உணவு சுமக்கும் கலத்துக்கு அன்னத்தின் பெயர் அமைந்தது எத்துணைப் பொருத்தம்! பெயரிட்டோர் நம் மொழியின் இவ்விரு பொருளையும் எண்ணி இட்டாரல்லர். ஆயினும் அன்னம் அன்னம் சுமந்தது என்று நாம் சொல்லி மகிழலாம்.

இக்கலம் இரண்டு பகுதிகளை உடையது. சரக்கு வைக்கும் அறை இத்தாலி நாட்டின் தூரின் நகரில் செய்யப்பட்டது. கலத்தைச் செலுத்தும் பொறிப்பகுதி அமெரிக்காவில் செய்யப்பட்டது. இரு பக்கமும் விரிந்த விசிறி போன்ற வட்டத் தகடுகள் ஞாயிற்றின் ஒளியைப் பெற்று மின்சாரம் ஆக்கும். இதன் நீளம் ஆறு மீட்டருக்குச் சற்று மிகுதி; குறுக்களவு ஏறத்தாழ மூன்று மீட்டர். நம் ஊர்ப் பேருந்தின் பாதி நீளமே என்று கொள்ளலாம். கதையில் வரும் பெருங்கலத்தோடு ஒப்பிட்டால் இது சிறு தோணியே. ஆனால், அக்கதைக்கலம் ஒரு பிடி அரிசியும் சுமந்ததில்லை. இச்சிறு தோணி டன் கணக்கில் சுமந்துள்ளது.

கடலிற் செல்லும் கப்பலுக்குப் பெயர் சூட்டுவது பழைய மரபு. நீராவிக் கப்பல்களின் பெயருக்கு முன்னே 'எஸ்.எஸ்.' என்னும் எழுத்துகளை இடுவர். 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பற் கழகத்தை நிறுவிய வ.உ.சிதம்பரனார், தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டிய காலியா, லாவோ என்னும் கப்பல்களும் அவ்வெழுத்துகளைத் தாங்கியவையே. சிக்னசு கலங்களை இயக்கும் நிறுவனத்தார் அம்மரபை விண்ணுக்கும் கொண்டு சென்றனர். மனிதரின் விண்வெளிப் பயணத்திற்குத் தொண்டு செய்து மறைந்தோர் பெயரை ஒவ்வொரு கலத்திற்கும் சூட்டினர். 2020ஆம் ஆண்டு புறப்பட்ட கலத்திற்கு 'எஸ்.எஸ். கல்பனா சாவ்லா' என்று பெயரிட்டனர்.

கல்பனா சாவ்லா அரியானா மாநிலத்துக் கர்னால் என்னும் ஊரிற் பிறந்தவர். வானூர்தியைக் கண்டு வியந்த சிறுமி, வானூர்திப் பொறியியலையே கற்க விழைந்தார். சண்டிகர் நகரில் உள்ள பஞ்சாப் பொறியியற் கல்லூரியில் 1982ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று 1988ஆம் ஆண்டு முனைவர் பட்டமும் பெற்றார். 1997ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் கொலம்பியா என்னும் விண்ணோடத்தில் விண்ணுக்கு ஏகினார். இந்தியாவிற் பிறந்து விண்வெளி சென்ற முதற் பெண்மணி என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது.

2003ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் அதே கொலம்பியாவில் அவர் மீண்டும் விண்ணுக்குச் சென்றார். உடன் சென்றோர் அறுவர். பதினாறு நாள் அவர்கள் இரவும் பகலும் முறைவைத்து ஆய்வுகள் நடத்தினர். பிப்ரவரி முதல் நாள், தரையிறங்குவதற்குப் பதினாறு நிமிடங்களே எஞ்சியிருந்த நேரத்தில், ஓடம் வானில் உடைந்து சிதறியது. எழுவரும் மாண்டனர். அதற்குக் காரணம் யாது? ஓடம் எழுந்த அன்று, எரிபொருட் கலனிலிருந்து பெயர்ந்த நுரைப்பொருட் துண்டு ஒன்று இடச்சிறகின் முனையிற் பட்டுத் துளை செய்திருந்தது. திரும்புங்கால் முன்னுள்ள காற்று அழுந்துவதால் எழுந்த பெருவெப்பம் அத்துளை வழியே புகுந்து சிறகை அழித்தது. எடையற்ற நுரையும் எமனாகும் தொழில் இது. சுமக்கும் தொழிலில் சிறியது என்று தள்ளத்தக்கது ஒன்றும் இல்லை. நம் நாட்டார் அவர் நினைவாக, 2002ஆம் ஆண்டு தாம் ஏவியிருந்த வானிலைத் துணைக்கோளுக்குக் 'கல்பனா 1' என்று பெயர் சூட்டினர்.

அவர் மறைந்து பதினேழு ஆண்டுகள் கழிந்தபின் அவர் பெயர் மீண்டும் விண்ணுக்குச் சென்றது. அமெரிக்காவின் வர்சீனியாக் கடற்கரையில் வாலப்சு தீவில் அக்கலம் ஆன்டாரசு என்னும் ஏவூர்தியின் முடியில் வைக்கப்பெற்றது. அக்டோபர் முதல் நாள் புறப்படுவதாக இருந்தது. கடைசி மூன்று நிமிடங்களுக்குள் தரையிலுள்ள துணைக்கருவி ஒன்றில் கோளாறு தோன்றவே, புறப்பாடு நிறுத்தப்பட்டது. 'சிறு கோளாறுதானே, செல்லட்டும்' என்று அவர்கள் கருதவில்லை. கோளாற்றை நீக்கி மறுநாள் இரவு ஏவினர். நம் நாட்டில் அப்பொழுது அக்டோபர் 3ஆம் நாள் காலை 6 மணி 46 நிமிடம். ரெட்டியார்சத்திரத்துச் சாலையில் பால் வண்டிகளும் காய்கறி வண்டிகளும் ஓடத் தொடங்கியிருக்கும் வேளையில், உலகின் மறுபுறத்தில் இந்த விண்வண்டி புறப்பட்டது.

ஒரு லாரி தன் எடைக்கு நிகராகவும் அதற்கு மேலாகவும் சுமையேற்ற வல்லது. விண்ணுக்குச் செல்லும் ஊர்தியோ அத்தகையது அன்று. ஆன்டாரசு ஏவூர்தியின் எடை புறப்படும்போது ஏறத்தாழ 300 டன். அதிற் பெரும்பகுதி எரிபொருளே. அது கொண்டு சென்ற சரக்கோ மூன்றரை டன் அளவினது. ஏறத்தாழ எண்பத்தைந்து பங்கிற்கு ஒரு பங்கே சரக்கு! ஆதலின் அங்கே ஏற்றும் பொருள் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்க்கின்றனர். எது கட்டாயம், எது கூடுதல் என்று எண்ணிப் பார்க்கின்றனர். எடையைக் குறைக்கும் வழியைத் தேடுகின்றனர்.

அந்த மூன்றரை டன்னில் என்னென்ன இருந்தன? உணவு இருந்தது. குருதிப்புற்றுக்கு மருந்து காணும் ஆய்வுக்குரிய பொருள்கள் இருந்தன. நிலையத்திற்கு வெளியே நடக்கும் வேலையை நாற்புறமும் ஒருங்கே படமெடுக்கும் கேமரா இருந்தது. ஏறத்தாழ இரண்டேகால் கோடி டாலர் செலவில் செய்த புதிய கழிவறை ஒன்றும் இருந்தது; பழையதைவிட அது சிறியது, எடையும் குறைந்தது. வாணிகக் கலம் ஆதலின், ஒரு நிறுவனத்தார் தம் முகப்பூச்சுக் குப்பிகள் பத்தினை விண்ணில் வைத்துப் படமெடுப்பதற்காகக் கூலி கொடுத்து அனுப்பியிருந்தனர். உயிர் காக்கும் மருந்தும் ஒப்பனைப் பொருளும் ஒரே அறையில் அடுத்தடுத்து இருந்தன. சுமப்பது கலத்தின் கடமை. உயர்ந்த சரக்கு, தாழ்ந்த சரக்கு என்னும் வேற்றுமை அதற்கு இல்லை.

அக்டோபர் 5ஆம் நாள் கலம் நிலையத்தை நெருங்கியது. அப்பொழுது அங்கே மூவரே தங்கியிருந்தனர். கலமும் நிலையமும் மணிக்கு 28,000 கிலோமீட்டர் விரைவில் ஓடினும், ஒன்றன் அருகே மற்றொன்று அசையாது நிற்பது போலத் தோன்றியது. இணையாக ஒரே விரைவில் ஓடும் இரண்டு வண்டிகளுள் ஒன்றில் இருப்போன் மற்றதில் இருப்போனிடம் குடத்தைச் சிந்தாமல் கொடுக்கலாம் அன்றோ? அது போன்றதே இதுவும். நிலையத்திலிருந்த கிறிசு காசிடி என்னும் வீரர், கனடா நாட்டினர் செய்தளித்த நெடிய பொறிக்கையை நீட்டிக் கலத்தைப் பற்றினார். பின்னர் அது நிலையத்தின் துறையில் பொருத்தப்பட்டது. கதவு திறந்தது. விண்ணின் சத்திரத்திற்கு மூட்டை வந்து சேர்ந்தது.

அம்மூட்டையுள் முள்ளங்கி விதைகளும் இருந்தன. நிலையத்தில் செடி வளர்ப்பதற்கென்று மூடிய பெட்டி ஒன்று உண்டு. அதில் மண் இல்லை. நுண்துளைகள் நிறைந்த களிமண் துகள்களே உண்டு. அவற்றிடையே உரம் சிறிது சிறிதாகக் கசியும். ஞாயிற்றின் ஒளிக்கு மாற்றாகச் சிவப்பும் நீலமுமான விளக்குகள் எரியும். வெப்பத்தையும் ஈரத்தையும் நீரையும் காத்தறிய 180க்கு மேற்பட்ட உணர்கருவிகள் உள்ளன. முள்ளங்கி ஏறத்தாழ 27 நாளில் முதிர்வது. ஆதலின் இவ்வாய்வுக்கு ஏற்றது. நவம்பர் 30ஆம் நாள் கேட் ரூபின்சு என்னும் பெண்மணி இருபது முள்ளங்கிச் செடிகளைப் பறித்தெடுத்து, புவிக்கு அனுப்புவதற்காகக் குளிர்ப்பெட்டியில் வைத்தார். மண்ணின்றி நாற்று வளர்க்கும் கலையை ரெட்டியார்சத்திரத்துப் பசுமைக் குடில்களில் கண்டோர், விண்ணின் இவ்வேளாண்மையைக் கண்டால் 'இது நம் தொழிலின் உறவே' என்று கூறுவர். வருங்காலத்தில் திங்களுக்கும் செவ்வாய்க்கும் நெடும்பயணம் செல்வோர், வழியிற் சரக்குக் கலத்தை எதிர்பார்க்க இயலாது. தாமே விளைத்து உண்ணல் வேண்டும். இருபது முள்ளங்கிகள் அதற்கான முயற்சிகளுள் ஒன்று.

சரக்கை இறக்கிய பின்னரும் கலத்தின் பணி முடியவில்லை. மூன்று திங்கள் அது நிலையத்தோடு இணைந்து கிடந்தது. அதன் அறையில் நிலையத்தார் குப்பையையும் பழுதுற்ற பொருள்களையும் நிறைத்தனர். வருங்கால் உணவு சுமந்தது; போகுங்கால் குப்பை சுமந்தது. இரண்டிற்கும் அது முகம் சுளிக்கவில்லை. 2021ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் அது நிலையத்தை விட்டுப் பிரிந்தது. பிரிந்தபின் ஆளில்லாத அதன் அறையினுள், தரையிலிருந்தோர் ஓர் ஆய்வு நடத்தினர். அடைத்து வைத்த பெட்டி ஒன்றில் சிலவகைப் பொருள்களுக்குத் தீ மூட்டினர். எடையற்ற வெளியில் தீ எவ்வாறு பரவும், எவ்வாறு அணையும் என்பதை அறிவதே நோக்கம். மனிதர் உள்ள கலத்தில் தீ மூட்டி ஆராய இயலுமா? ஆளற்ற கலத்தில் அறிந்தால், ஆளுள்ள கலத்தைக் காக்கலாம்.

வாழைமரம் இலை தரும், பூத் தரும், காய் தரும், கனி தரும், தண்டும் தரும், இறுதியில் நாராகிப் பூத்தொடுக்கவும் உதவும். இக்கலமும் அத்தகையதே. கொண்டுவந்தது முதலில் பயன்பட்டது. வெறுமையான அறை பின்னர்ப் பயன்பட்டது. முடிவு நெருங்கிய காலமும் ஆய்வுக்குப் பயன்பட்டது. சனவரி 26ஆம் நாள் அது புவியின் காற்று மண்டலத்துட் புகுந்து, குப்பையோடு தானும் எரிந்து நீறாயிற்று. சிக்னசு கலங்கள் திரும்பி வருமாறு அமைக்கப்பட்டவை அல்ல. அவற்றின் பயணம் ஒருவழிப் பயணமே.

இங்கே ஒன்று நம் உள்ளத்தைத் தொடுகின்றது. கல்பனா சாவ்லா ஏறிய ஓடம் திரும்பி வந்திருத்தல் வேண்டும், அது வரவில்லை. அவர் பெயர் தாங்கிய கலமோ திரும்ப வாராது என்று தெரிந்தே அனுப்பப்பட்டது. முன்னது எரிந்தபோது ஏழுயிர் போயின. உலகமே கண்ணீர் வடித்தது. பின்னது எரிந்தபோது ஓருயிரும் போகவில்லை. மனிதர் செல்ல வேண்டாத பயணத்தை ஆளில்லாக் கலமே மேற்கொள்ளட்டும் என்னும் தெளிவு, இழப்பினாற் கற்ற பாடங்களுள் ஒன்று. ஒருவர் பெயரைக் கல்லிற் செதுக்கி வைப்பது ஒருவகை நினைவு. அப்பெயர் பசித்தோர்க்கு உணவு சுமந்து செல்லுமாறு செய்வது மற்றொரு வகை நினைவு. இவற்றுள் பின்னதே சிறந்தது என்று கூறலாம். நம் முன்னோர் இறந்தோர் நினைவாகச் சத்திரம் கட்டியதும், தண்ணீர்ப் பந்தல் வைத்ததும், சுமைதாங்கிக் கல் நட்டதும் இக்கருத்துப் பற்றியே.

சுமைதாங்கிக் கல்லை மாணவர் பலர் கண்டிருப்பர். இரண்டு கற்களை நட்டு அவற்றின்மேல் ஒரு கல்லைக் கிடத்தி வைத்திருப்பர். தலைச்சுமையோடு வருவோன் பிறர் உதவியின்றிச் சுமையை அதன்மேல் இறக்கி இளைப்பாறிப் பின் மீண்டும் தூக்கிச் செல்வான். சுமப்பவனுடைய துன்பத்தை உணர்ந்த நெஞ்சமே அக்கல்லை நட்டது. இன்று தலைச்சுமை குறைந்துவிட்டது, சுமப்பவர் மறைந்துவிடவில்லை. சந்தையில் மூட்டை தூக்குவோர், இரவெல்லாம் கண்விழித்து லாரி ஓட்டுவோர், கப்பலில் பல திங்கள் குடும்பத்தைப் பிரிந்து உழைப்போர், ஏவுதளத்தில் கோளாறு தேடி நிற்போர் ஆகிய எல்லோரும் ஒரே தொழிலைச் செய்யும் உறவினரே. நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்தின் பின்னும் அவர்களுள் எவரேனும் ஒருவர் உள்ளார்.

விண்மீன்களுக்கிடையே செல்லும் பெருங்கலம் ஒரு காலத்தில் தோன்றினும் தோன்றலாம். அதனைக் கட்டுவோர் இன்று பள்ளியில் பயிலும் மாணவராகவும் இருக்கலாம். அக்கலம் எத்துணைப் பெரியதாயினும், அதன் பெருமை அதன் உருவத்தில் இராது. ஏற்ற சுமையை ஏற்ற இடத்தில் குறையாமல் சேர்த்ததா என்பதே அதனைப் பற்றிக் கேட்கப்படும் வினா. அவ்வினா, ரெட்டியார்சத்திரத்துச் சாலையில் பொதிமாடு ஓட்டிச் சென்றவனிடம் கேட்கப்பட்ட அதே வினாவாகும்.

பயிற்சி

1. சத்திரத்திற்கும் விண்வெளி நிலையத்திற்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. விண்மீனுக்கு விண்மீன் சரக்குச் சுமக்கும் கலம் இன்று கற்பனையே என்பது எதனால்?
3. 'எடையற்ற நுரையும் எமனாகும் தொழில் இது' - இத்தொடரை விளக்குக.
4. 'எஸ்.எஸ். கல்பனா சாவ்லா' கலம் சரக்கை இறக்கிய பின்னர்ச் செய்த பணிகள் யாவை?
5. உங்கள் ஊருக்கு நாள்தோறும் வந்து சேரும் பொருள் ஒன்றைத் தேர்ந்து, அது யார் யார் கைமாறி வருகின்றது என்பதைக் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.